பழைய ஸ்னைப்பர் ரைஃபிள் ஒரிஜினலா இல்லையா: நம்பரை விடுங்க, எது முதல்ல நடந்துச்சுன்னு பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், நான் துப்பாக்கி வச்சிருக்கிற ஆள் இல்ல. சிங்கப்பூர்ல அது நடக்கவும் நடக்காது. லைசென்ஸ் இல்லாம ஒரு துப்பாக்கி கையில இருந்தா ஆயுதக் குற்றச் சட்டத்துல 5 வருஷத்துலேந்து 10 வருஷம் உள்ள போகணும், குறைஞ்சது 6 பிரம்படி. பழசு, கலெக்டர் ஐட்டம், தாத்தா காலத்துதுன்னு சொல்லி தப்பிக்க முடியாது. அதனால இதைப் படிச்சிட்டு ஆன்லைன்ல ஒரு பழைய போல்ட்டோ (குண்டை உள்ள தள்ளிப் பூட்டற பார்ட்) ஸ்கோப்போ (குறி பாக்கற தொலைநோக்கி) ஆர்டர் போட்டுடாதீங்க. ஆசையா இருந்தா முதல்ல போலீஸ் லைசென்ஸிங் டிபார்ட்மென்ட்டுக்கு எழுதிக் கேளுங்க, பதில் வந்தப்புறம் மத்ததை யோசிங்க. பொம்மை மாதிரி இருக்கிற ரெப்ளிகாவுக்கே இங்க கேள்வி இருக்கு.

அப்புறம் எனக்கு என்ன இதுல வேலைன்னா, அக்கா வீட்டுக்காரர். அத்தான் இங்க ராணுவத்துல ரெகுலரா ஆர்மரர் வேலை, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பண்ற வேலை பாத்துட்டு, அப்புறம் குடும்பத்தோட ஆஸ்திரேலியா போய் சிட்னி பக்கம் செட்டில் ஆயிட்டார். அங்க லைசென்ஸ் வாங்கி, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியா பெர்மிட் எடுத்து, இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி, சட்டப்படி கலெக்ட் பண்றார். அவர் ரிப்பேர் பண்றதுல கெட்டி. நான் துவாஸ்ல ஒரு பிரிசிஷன் என்ஜினியரிங் கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வர்ற பார்ட்டுல எந்த ஆபரேஷன் முதல்ல நடந்துச்சு, எதை பின்னாடி தேச்சு மறைச்சிருக்காங்க, இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு சம்பளம். யாராச்சும் அவர்கிட்ட ரைஃபிள் விக்கணும்னு போட்டோ அனுப்பினா, அத்தான் உடனே எனக்கு தட்டி விடுவார், "மாப்ள, இதுல என்ன தெரியுது சொல்லு"ன்னு. நான் வேலை முடிஞ்சு ஜூ கூன்ல ரயில் ஏறினா வீடு போய் சேர்ற வரைக்கும் அந்தப் போட்டோவை பெருசாக்கி பெருசாக்கி பாத்துகிட்டு வருவேன், பக்கத்து சீட்டு ஆன்ட்டி ஒருநாள் முறைச்சுப் பாத்து எழுந்து போயே போயிட்டாங்க.

அத்தானுக்கு பைத்தியம் பிடிச்ச ஐட்டம் பிரிட்டிஷ் நம்பர் 4 மார்க் 1 டி. லீ என்ஃபீல்டு குடும்பம், .303 குண்டு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல ஃபேக்டரியில சாதாரண நம்பர் 4 ரைஃபிள் வரிசையா செஞ்சு சுட்டுப் பாக்கும்போது, ரொம்ப துல்லியமா சுடறதை மட்டும் தனியா எடுத்து வச்சாங்க. பெரும்பாலும் பர்மிங்ஹாம் ஷெர்லி பக்கம் இருந்த பிஎஸ்ஏ ஃபேக்டரி தந்ததுதான், அதோட கோட் எம்47சி. எடுத்து வச்சதை லண்டன்ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கு அனுப்பினாங்க. அவங்க பணக்காரங்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்யற பேர் போன கடை. 1942-லேந்து போர் முடியற வரைக்கும் 23,000-க்கு மேல ஸ்னைப்பர் ரைஃபிளா மாத்திக் குடுத்தாங்க, அதைத்தான் இனிமே சுருக்கமா டி-ன்னு சொல்றேன். கனடாவுல லாங் பிராஞ்ச் ஃபேக்டரி தனியா கொஞ்சம் செஞ்சாங்க.

இப்ப கணக்கைப் பாருங்க. சாதாரண நம்பர் 4 லட்சக்கணக்குல இருக்கு, டி கொஞ்சம்தான். ரெண்டுக்கும் அடிப்படை ரைஃபிள் ஒண்ணேதான், விலை மட்டும் பல மடங்கு. நடுவுல என்ன வித்தியாசம்னா ரிசீவரோட (போல்ட் ஓடற நடு இரும்பு உடல்) இடது பக்கம் ரெண்டு இரும்பு பேட், கன்னம் வைக்க ஒரு மரக்கட்டை, ஸ்கோப்பைப் பிடிக்க ஒரு பிராக்கெட், ஒரு ஸ்கோப், கொஞ்சம் முத்திரை. பேட், பிராக்கெட், கட்டை எல்லாம் இன்னிக்கி புதுசா செஞ்சு விக்கிறாங்க, ஸ்கோப்கூட கிடைக்குது. விக்கிறவங்க ரெப்ளிகான்னு சொல்லித்தான் விக்கிறாங்க, அவங்க மேல தப்பில்ல. அதை வாங்கி மாட்டி, நாலு முத்திரை அடிச்சு, "எங்க மாமனார் வச்சிருந்தது"ன்னு ஒரு கதையும் சேத்து விக்கிறவன்தான் பிரச்சனை.

புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி நம்பர் மேட்ச் ஆகுதாங்கறதுதான். டி-ல நம்பர் வைக்கிற முறை இது: ரைஃபிளோட சீரியல் நம்பரை ஸ்கோப் பிராக்கெட்ல அடிச்சிருப்பாங்க. ஸ்கோப்போட நம்பரை ரைஃபிள் கட்டையோட (தோள்ல முட்டு குடுக்கற மரப்பகுதி) கழுத்துல, அதாவது கை பிடிக்கிற இடத்துக்கு மேல, மரத்துலயே அடிச்சிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு காட்டும். இது போக ரிசீவர் இடது சுவர்ல டி-ன்னு ஒரு எழுத்து, பட் சாக்கெட் (ரிசீவர் மரக்கட்டையோட சேர்ற இடம்) இடது பக்கம் டிஆர்-னு, கட்டைக்கு அடியில ஹாலண்ட் கம்பெனி கோட் எஸ்51. ஸ்கோப் வைக்கிற தகர டப்பாவுலயும் மரப்பெட்டியிலயும் நம்பர் இருக்கும்.

சரி, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் தெரியும். பத்து நிமிஷம் நெட்ல தேடினா கிடைச்சிடும். டூப்ளிகேட் அடிக்கிறவன் முதல்ல கத்துக்கிறதும் இதைத்தான். ஆன்லைன்ல ஒரு நம்பர் பன்ச் செட் வாங்கிட்டா எந்த நம்பரையும் எதோடயும் மேட்ச் பண்ணிடலாம். எண்பது வருஷம் கழிச்சு ரைஃபிள், பிராக்கெட், ஸ்கோப், டப்பா, பெட்டி எல்லாம் பிசகில்லாம மேட்ச் ஆகி வந்தா நான் சந்தோஷப்படறதில்ல, இன்னும் கிட்டப் போய் பாக்கறேன். டூப்ளிகேட்காரனால நம்பரை அடிக்க முடியும், அடிச்ச நேரத்தை 1944-க்கு தள்ள முடியாது. எது முதல்ல நடந்துச்சு, எது பின்னாடி நடந்துச்சுங்கறது அந்த இரும்புலயும் மரத்துலயும் அப்படியே பதிஞ்சிருக்கும்.

ஒரு கேஸ் சொல்றேன். அத்தானுக்கு ஒருத்தர் பிஎஸ்ஏ டி ஒண்ணு காட்டினார், 1944 தேதி போட்டது, முழு மேட்ச், பெட்டியோட. நேர்ல எடுத்த போட்டோவெல்லாம் அழகா இருக்கு, பட்டப்பகல் வெளிச்சத்துல எடுத்தது. எனக்கு அதுல ஒண்ணுமே தெரியல. நான் அத்தான்கிட்ட சொன்னேன், லைட்டை எல்லாம் அணைச்சிட்டு ஒரு டார்ச்சை கட்டைக்கு பக்கவாட்டுல படுக்க வச்சு, வெளிச்சம் மரத்தோட மேல்பரப்பை உரசிகிட்டு போற மாதிரி வச்சு எடுக்கச் சொல்லுங்கன்னு. விக்கிறவர் முணுமுணுத்துட்டு எடுத்து அனுப்பினார். அதுல கழுத்து மேல நாலஞ்சு இலக்கம், அதுல ஒரு 7. அந்த 7 நிக்கிற இடத்துல மரத்துல ஒரு பழைய பள்ளம், எதுமேலயோ இடிச்ச தழும்பு, உள்ள கருப்பா எண்ணெய் அழுக்கு ஏறி கெட்டியாகி கிடக்கு. 7-ஓட கால் அந்தப் பள்ளத்துக்கு நடுவுல இறங்குது. பள்ளத்துக்கு வெளிய இருக்கற கால் ஆழமா இருக்கு, பள்ளத்துக்குள்ள லேசா தொட்டும் தொடாமலும் இருக்கு. அங்க கருப்பு அழுக்கை வெட்டிகிட்டு கீழ வெளிர் மரம் தெரியுது.

யோசிச்சுப் பாருங்க. நம்பர் முதல்ல அடிச்சு, தழும்பு பின்னாடி விழுந்திருந்தா, அடி விழுந்த இடத்துல 7 நசுங்கியிருக்கணும், எழுத்து ஓரம் சாய்ஞ்சிருக்கணும், அழுக்கு ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறியிருக்கணும். இங்க பன்ச் ஏற்கனவே இருந்த பள்ளத்து மேல விழுந்திருக்கு, அதான் உள்ள சரியா எட்டல. அப்ப தழும்புக்கு வயசு அதிகம், நம்பருக்கு வயசு கம்மி. அழுக்கை வெட்டியிருக்கறதப் பாத்தா ரொம்பவே கம்மி.

இதுல ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. சர்வீஸ்ல இருக்கும்போதே ஸ்கோப் உடைஞ்சு வேற ஸ்கோப் போட்டா கழுத்துல புது நம்பர் அடிப்பாங்களே, அது தழும்புக்கு பின்னாடிதானே வரும்? ஆமா, வரும். ஆனா அப்ப பழைய ஸ்கோப் நம்பர் எங்க? ராணுவ ஆர்மரர் பழசு மேல ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல புதுசை அடிப்பார். இங்க அடிச்சுவிட்ட நம்பரே இல்ல. ஐம்பதுகள்ல அடிச்சதா இருந்தா அதுக்குள்ளயும் இந்நேரம் அழுக்கு குடியேறி இருக்கணும். ரெண்டும் இல்ல. அத்தான் அதுக்கப்புறமும் ஒரு வாரம் மனசு வராம அந்த போட்டோவையே பாத்துகிட்டு இருந்தார்னு அக்கா சொல்லி சிரிச்சாங்க.

அப்புறம் அத்தான் நேர்லயே போய் ஒரு தடவை கையில வாங்கிப் பாத்தார், அங்க இரும்பும் அதே கதையத்தான் சொல்லிச்சு. டி-ல முன் பேடை ஸ்க்ரூ மட்டும் போட்டு நிறுத்த மாட்டாங்க, ஈயம் வச்சு பத்தவும் வச்சிருப்பாங்க, அப்புறம் ஸ்க்ரூ சுத்தி வராம இருக்க ஓரத்துல பன்ச்சால அடிச்சு மடக்கியிருப்பாங்க. பேடுக்கும் ரிசீவர் சுவருக்கும் நடுவுல நகம் ஓட்டிப் பாத்தா ஒரு கோடு மாதிரி இடைவெளி தட்டுச்சாம், ஈயம் இருந்த அடையாளமே இல்ல. ஸ்க்ரூ ஓரத்துல பன்ச் அடிச்ச குழி பளபளன்னு இருந்துச்சு. சுவர்ல டி எழுத்தைச் சுத்தி இரும்பு லேசா மேல எழும்பி இருக்கும்ல, எந்த பன்ச் அடிச்சாலும் அது வரும், நாங்க கம்பெனியில விரலை வச்சே கண்டுபிடிப்போம். கருப்பு ஃபினிஷ் போடறதுக்கு முன்னாடி அடிச்சிருந்தா அந்த எழும்பலும் கருப்பா, உச்சியில மட்டும் கை பட்டு தேஞ்சு இருக்கும். ஃபினிஷுக்கு அப்புறம் அடிச்சா ஃபினிஷ் வெடிச்சு வெள்ளையா விரிசல் தெரியும். அதை மறைக்க மார்க்கரோ கோல்ட் புளூவோ (இரும்பைக் கருப்பாக்கற ரசாயனம்) தடவியிருப்பான், அது குழிக்குள்ள போய் தேங்கி நிக்கும், சுத்தி இருக்கற கருப்போட ஒட்டாது.

ஒரு எச்சரிக்கை இங்க. போருக்கு அப்புறம் நிறைய டி ரைஃபிளை ராணுவமே ரிப்பேர் பண்ணி புது பெயின்ட் அடிச்சிருக்கு. அதனால ஃபினிஷ் புதுசா இருக்கேன்னு மட்டும் வச்சு டூப்ளிகேட்னு முடிவு கட்டிடாதீங்க. பெயின்ட் எல்லா முத்திரைக்கும் மேல ஒரே மாதிரி ஓடியிருக்கா, இல்ல சிலதுக்கு மேலயும் சிலதுக்கு கீழயுமா இருக்கா, அதான் கேள்வி. அதே மாதிரி பின் சைட்ல (ஸ்கோப் இல்லாம குறி பாக்கற பார்ட்) சண்டையில அவசரமா குறி பாக்க இருக்கற சின்ன ஓட்டையை டி-ல தேச்சு எடுத்திருப்பாங்க, ஸ்கோப்ல இடிக்கக் கூடாதுன்னு. அது தேய்க்காம முழுசா இருந்தா சந்தேகப்படலாம், ஆனா சைட்டை யாரு வேணாலும் மாத்தியிருக்கலாம், கழட்டி மாட்ற பார்ட்டுக்கு நான் பாதி மார்க்குதான் போடுவேன். கழட்ட முடியாத இடத்துல இருக்கறதுக்குத்தான் முழு மார்க்.

ஸ்கோப் விஷயத்துக்கு வரேன். நம்பர் 32 ஸ்கோப், 3 மடங்கு பெருசாக்கும், உள்ள கீழேந்து ஒரு கூர்முனை கம்பமும் குறுக்க ஒரு கோடும். ஆரம்பத்துல பிரென் மெஷின் கன்னுக்குன்னு யோசிச்ச டிசைன், அதான் இவ்ளோ கனமா தடிமனா இருக்கு. மார்க் 1, மார்க் 2, மார்க் 3-னு மூணு வகை. மார்க் 1-ல மேல் டிரம் (குறியை சரி பண்ண திருப்பற குமிழ்) 50 கஜம் 50 கஜமா நகரும், பக்கவாட்டு டிரம் பெரிய பெரிய கிளிக்கா போகும். பின்னாடி வந்ததுல அதைப் பாதியா குறைச்சு நேர்த்தியாக்கினாங்க. மார்க் 3 1944 கடைசியில வந்தது. அதனால 1942-ல மாத்தின ரைஃபிளோட மார்க் 3 ஸ்கோப் "ஃபேக்டரிலேந்து வந்த மாதிரியே ஒரிஜினல் ஜோடி"ன்னு யாராச்சும் சொன்னா, தேதியை மட்டும் நிதானமா படிச்சுக் காட்டச் சொல்லுங்க, கதை அங்கயே முடிஞ்சிடும். ரைஃபிள் நிஜமா இருக்கலாம், ஸ்கோப்பும் நிஜமா இருக்கலாம், ஜோடிதான் பொய்.

ஸ்கோப்புக்குள்ள பாக்கறதுக்கு ஒரு சுலபமான வழி, ஃபோன் கேமராவை கண் வைக்கிற பக்கம் வச்சு, டிரம்மை மெதுவா திருப்பி வீடியோ எடுக்கச் சொல்றது. பழைய ஸ்கோப்ல கம்பம் டிரம்மோட சேந்து நகர்றது கண்ணுக்குத் தெரியும், நடுவுலயே நிக்காது. லென்ஸ் ஓரத்துல பூஞ்சை, மூட்டம், சின்ன சிப் எல்லாம் இருந்தா எனக்கு பயமில்ல. நம்ம ஊர் ஈரத்துல எந்த பழைய கேமரா லென்ஸை வச்சாலும் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை இருக்கறதுனால விலை குறையும், அவ்ளோதான். எண்பது வருஷ ஸ்கோப் நேத்து வாங்கின மாதிரி தெளிவா இருந்தா மட்டும் யார் ஓவர்ஹால் பண்ணது, பில் இருக்கான்னு கேளுங்க.

மத்த நாட்டு ரைஃபிள் பத்தி அத்தானுக்கு வந்ததை வச்சு கொஞ்சம். அமெரிக்க எம்1903ஏ4, ரெமிங்டன் செஞ்சது. இதுல ஒரு ஜோக், ரிசீவர்ல ஏ4-ன்னு எழுதியிருக்காது, 03-ஏ3-ன்னுதான் இருக்கும். ஏ4-ன்னு தெளிவா அடிச்ச ரிசீவர் வந்தா சிரிச்சுகிட்டே வச்சிடுங்க. ஆனா எழுத்து நிக்கிற இடம்தான் சாட்சி. ஸ்கோப்பைத் தாங்கற மவுண்ட் ரிசீவர் மேல உக்காந்தா எழுத்து மறையும்னு, கம்பெனி பேர் ஒரு பக்கமும் சீரியல் நம்பர் மறுபக்கமுமா தள்ளி அடிச்சிருப்பாங்க. சாதாரண ஏ3-ஐ ஓட்டை போட்டு மாத்தினவன் கிட்ட எழுத்து எல்லாம் நடுவுலயே இருக்கும், மவுண்ட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சிருக்கும். இதுவும் அதே வரிசைக் கதைதான், மவுண்ட் வரப்போகுதுன்னு தெரிஞ்சு அடிச்ச எழுத்தா, தெரியாம அடிச்ச எழுத்தா.

எம்1டி காரண்ட், இதுவும் அமெரிக்க ஸ்னைப்பர்தான், ஆனா இதுக்கு நேர் எதிர். அதுல ஸ்கோப் பிடிக்கிற கட்டை பேரல்ல இருக்கு, ரிசீவர்ல ஒண்ணும் பண்ணல. அதாவது எந்த காரண்டுலயும் அந்த பேரலை மாட்டினா எம்1டி ஆயிடும். இரும்பு எதுவும் சொல்லாது, காகிதம்தான் சொல்லணும். அரசாங்க விற்பனையில வந்த ரசீது, அதுல சீரியல் நம்பர். அது இல்லன்னா பார்ட்ஸ் விலைதான் குடுக்கணும். காரண்டோட இன்னொரு ஸ்னைப்பர் வகை எம்1சி அப்படி இல்ல, அதுல ரிசீவர்லயே ஓட்டை போட்டிருப்பாங்க.

ரஷ்ய மோசின் 91/30 பியூ. பியூங்கறது அதோட 3.5 மடங்கு ஸ்கோப். இதுல குழப்பம் ஜாஸ்தி, ஏன்னா டூப்ளிகேட் மாதிரி தெரியற வேலையை அவங்க அரசாங்கமே பண்ணியிருக்கு. போர் முடிஞ்சதும் நிறைய ஸ்னைப்பர்லேந்து ஸ்கோப்பை எடுத்துட்டு, ஓட்டையை அடைச்சு வெல்டு வச்சு, சாதாரண ரைஃபிளா திருப்பி ஸ்டோர்ல போட்டாங்க. அந்த மாதிரி அடைச்ச ரைஃபிள் கிடைச்சா அது நிஜ ஸ்னைப்பர் பிறப்பு. அதை யாராச்சும் மறுபடி துளை போட்டு ஸ்கோப் மாட்டியிருந்தா பிறப்பு நிஜம், இப்ப இருக்கற வேஷம் புதுசு. வெறும் சாதாரண ரைஃபிள்ல ஓட்டை போட்டு வளைஞ்ச கைப்பிடி வச்ச போல்ட் மாட்டினது மூணாவது ரகம். மூணுக்கும் மூணு விலை. பேரல் அடிப்பகுதியில ஸ்கோப் நம்பர் அடிச்சிருக்காங்களான்னு பாக்கணும், ரிசீவர் உள்பக்கச் சுவர்ல பழைய வெல்டு வட்டம் தெரியுதான்னு பாக்கணும். மரத்தைக் கழட்டிப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும், விக்கிறவர் கழட்ட மாட்டேன்னா வாங்காதீங்க.

ஜப்பான் டைப் 97 எனக்கு தனி ஆர்வம், 1942 பிப்ரவரி 15 அன்னிக்கி புக்கிட் தீமா ஃபோர்டு ஃபேக்டரியில பிரிட்டிஷ்காரங்க ஜப்பான்கிட்ட சரணடைஞ்ச கதையைக் கேட்டு வளந்தவன்தானே. 6.5 மில்லிமீட்டர், ஸ்கோப் இடது பக்கம் தள்ளி நிக்கும், அப்பதான் மேலேந்து கிளிப் வச்சு குண்டு போட முடியும். அந்த ஸ்கோப்ல திருப்பி அட்ஜஸ்ட் பண்ண டிரம்மே கிடையாது. ஃபேக்டரியிலயே அந்த ஒரு ரைஃபிளுக்குன்னு சரி பண்ணி, ரைஃபிள் நம்பரை ஸ்கோப்ல அடிச்சு அனுப்பிடுவாங்க. அதனால இதுல மட்டும் நம்பர் மேட்ச்சுங்கறது அலங்காரம் இல்ல, மேட்ச் இல்லன்னா ஸ்கோப் ஒரு பக்கம் பாக்கும், குண்டு ஒரு பக்கம் போகும்.

கதைகளைப் பத்தி. இங்க சுங்கை ரோடு சந்தை 2017-ல மூடற வரைக்கும் நான் அடிக்கடி போவேன். அங்க பழைய தகர டப்பா, தண்ணி பாட்டில், பெல்ட் பக்கிள்னு போட்டுகிட்டு உக்காந்திருக்கற அங்கிள் ஒவ்வொருத்தரும் ஒரு கதை வச்சிருப்பார். ஜப்பான்காரன் விட்டுட்டுப் போனது, பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போனதுன்னு. கேக்க நல்லா இருக்கும், நானும் உக்காந்து கோப்பி குடிச்சுகிட்டு கேப்பேன். ஆனா கதைக்குன்னு தனியா காசு குடுத்ததில்ல. பழைய ஐட்டம் விக்கிற எந்த ஊர்லயும் இது ஒண்ணுதான். கதைக்கு ஆதாரமா ஒரு போட்டோ இருக்கா, அதுல சீரியல் நம்பர் தெரியுதா, கடிதத்துல நம்பர் இருக்கா? ராணுவத்துல இருந்த ஒருத்தர் யூனிஃபார்ம் போட்ட படம் மட்டும் இருந்தா, அவர் ராணுவத்துல இருந்தார்ங்கறது தெரியுது, அவ்ளோதான். நாங்க நேஷனல் சர்வீஸ்ல எம்16 தூக்கிகிட்டு ஓடின காலத்துல ரைஃபிள் நம்பரை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும், சொல்லலன்னா தண்டனை. அப்படி நம்பரோட வாழ்ந்த ஆளோட குடும்பத்துக்கு, அவர் எழுதி வச்ச ஒரு துண்டு காகிதமாவது கிடைக்கும்னு நான் எதிர்பாப்பேன்.

தூரத்துல இருந்து வாங்கறவங்களுக்கு, போட்டோ கேக்கறதுலயே பாதி முடிவு தெரிஞ்சிடும். "இன்னும் போட்டோ அனுப்புங்க"ன்னு மொட்டையா கேட்டா அதே அழகான படம் பத்து வரும். எங்க, எப்படின்னு சொல்லிக் கேளுங்க: கழுத்து நம்பர், பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்துல, பக்கத்துல ஸ்கேல் வச்சு. ரெண்டு பேடும், ஸ்க்ரூ தலை தெரியற மாதிரி. பேடுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற கோடு. பிராக்கெட் நம்பரும் ரிசீவர் நம்பரும் ஒரே ஃப்ரேம்ல. கட்டைக்கு அடிப்பக்கம். வேற வேற கோணத்துல டார்ச்சை நகத்தி ஒரு சின்ன வீடியோ இருந்தா இன்னும் நல்லது, ஒரே போட்டோவுல நிழல் ஏமாத்தும். நிஜ ஐட்டம் வச்சிருக்கற ஆளுக்கு இது பெருமையா இருக்கும், நீங்க கேக்காத படமும் சேத்து அனுப்புவார். நேர்ல போனா லூப் (கண்ணுல வச்சுப் பாக்கற சின்ன பூதக்கண்ணாடி) எடுத்துட்டுப் போங்க, துணியும் எண்ணெயும் வேண்டாம். எதையும் துடைக்காதீங்க, பேட் ஸ்க்ரூவை திருகிப் பாக்கவே பாக்காதீங்க, நீங்க திருகின தடமே நாளைக்கு இன்னொருத்தருக்கு சந்தேகம் ஆயிடும். தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு ஒரிஜினலை முதல்ல கண்ணால பாத்துட்டு வந்தா ரொம்ப உதவும். நான் சிட்னி போனப்ப அத்தான் என்னை ரயில்ல லித்கோவுக்கு கூட்டிட்டுப் போனார், அங்க பழைய ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி இருந்த இடத்துலயே மியூசியம் இருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு முத்திரை ஓரத்தையே பாத்துகிட்டு நின்னேன், அக்கா பசங்க போரடிச்சுப் போய் வெளிய ஓடிட்டாங்க.

கடைசியில அத்தான் வாங்கினது எது தெரியுமா, ஸ்கோப்பே இல்லாத ஒரு டி. பிராக்கெட் இல்ல, டப்பா இல்ல, பெட்டி இல்ல. பாக்கறவங்களுக்கு அசிங்கமா இருக்கும், கன்னக்கட்டை ஒரு ஓரத்துல உடைஞ்சு யாரோ ரெண்டு பித்தளை ஆணி அடிச்சு வச்சிருக்காங்க. ஆனா முன் பேட் ஈயத்தோட, பன்ச் குழி உள்ள பழைய பெயின்ட்டோட, டிஆர், டி, எஸ்51 எல்லாம் தேஞ்ச மரம் தேஞ்ச இரும்போட சேந்து தேஞ்சு இருக்கு. கழுத்துல ஒரு நம்பர், அதுக்கு மேல குறுக்குக் கோடு, பக்கத்துல இன்னொரு நம்பர். மத்த வாங்கறவங்க அந்தக் குறுக்குக் கோட்டைப் பாத்துட்டு மேட்ச் இல்லன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க. எனக்கு அந்தக் கோடுதான் பிடிச்சுது, வேலைத்தனமா, கோணலா, ஒரு ஆர்மரர் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி அவசரமா அடிச்ச மாதிரி. முதல் நம்பர் மேல நிறைய தேய்மானம், ரெண்டாவது மேல கொஞ்சம் கம்மி. ஏமாத்த நினைக்கிறவன் இவ்ளோ மெனக்கெட்டு விலையைக் குறைக்கிற வேலை பண்ண மாட்டான். பெர்மிட் வர்ற வரைக்கும் ரைஃபிள் டீலர்கிட்டயே இருந்துச்சு, காசும் அப்பதான் முழுசா போச்சு, அதையும் அப்படியே வச்சுக்கோங்க, பெர்மிட்டுக்கு முன்னாடி முழுப்பணம் கேக்கறவர்கிட்ட போகாதீங்க.

இப்ப அடுத்த தலைவலி ஸ்கோப். அத்தான் அந்த ரெண்டாவது நம்பரை எழுதி வச்சுகிட்டு தேடிகிட்டே இருந்தார், கிடைச்சே போச்சு. இங்கிலாந்துல ஒரு பெரியவர் கிட்ட, அவரோட டி மேல மாட்டியிருக்கு. அவர் ரைஃபிளோட கழுத்துல வேற நம்பர், அதையும் அவர் தேடிகிட்டு இருக்கார். அத்தான் விலை கேட்டா, "உங்க ரைஃபிளை எனக்கு குடுத்துடுங்களேன், ஸ்கோப்பும் அதுவும் சேந்துடும்"னு அவர் பதில் போடறார். ரெண்டு பேரும் நல்லா மரியாதையா மெயில் எழுதிக்கிறாங்க, கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வேற. யாரும் விக்கிற மாதிரி தெரியல. நான் அத்தான்கிட்ட சொல்லியிருக்கேன், விலை பேசறதை கொஞ்ச நாள் நிறுத்திட்டு அவர் ஸ்கோப் டிரம்மை முதல்ல பக்கவாட்டு வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கன்னு.